ராமேஸ்வரம் ஸ்டாண்டின் முறை நோட்டு: ஒரு டாக்சி செயலி உருவான விதம்

2024 அக்டோபர் 2, மகாளய அமாவாசை. அக்னி தீர்த்தத்தில் விடியுமுன்பே தொடங்கிய கூட்டம் மதியம் வரை குறையவில்லை. அன்று நான் ராமேஸ்வரத்தில் ஒரு டாக்சி ஸ்டாண்டின் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மரத்தில் ஆணி அடித்து, கோடு போட்ட நோட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். வண்டி வந்து சேரும் வரிசையில் ஓட்டுநர்கள் அதில் பெயர் எழுதுவார்கள். சவாரி வந்தால் மேலே இருப்பவர் போவார். முறை நோட்டு என்று அதற்குப் பெயர். பத்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டேன். அன்றைக்கே அதை ஒழுங்காகப் படித்திருந்தால் பல மாத வேலை மிச்சமாகியிருக்கும்.

அந்த ஸ்டாண்டின் 41 வண்டிகளுக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பதிவுச் செயலி செய்தோம். எது தவறியது, எதை மாற்றினோம், இப்போது எப்படி ஓடுகிறது என்று முழுவதும் எழுதி வைக்கிறேன். கடலோர ஊர்களில் இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும். ஸ்டாண்டின் பெயரையும் ஆட்களின் பெயரையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி விட்டுவிடுகிறேன்.

கேட்டதும் தேவைப்பட்டதும்

"தம்பி, மெட்ராஸ்ல இருக்குற மாதிரி ஒரு ஆப் செஞ்சு குடுங்க. பார்ட்டி போன்ல அமுக்குனா பக்கத்துல நிக்கிற வண்டி போகணும்." ஓட்டுநர் சங்கத்தின் மூத்தவர் சொன்னது இவ்வளவுதான். நாங்களும் அதையே திட்டமாக எழுதிக்கொண்டோம்.

அப்போது ரயில் தீவுக்குள் வரவில்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். ரயிலில் வந்தவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, 1988-ல் திறந்த சாலைப் பாலம் வழியாகத்தான் வந்தார்கள். இறங்கும் இடத்திலேயே வெள்ளை போர்டு கார்கள், அதாவது வாடகைக்கு அனுமதி இல்லாத சொந்தக் கார்கள், ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடும். பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் கட்டி மஞ்சள் போர்டில் ஓட்டுகிறவர் ஸ்டாண்டில் காத்துக் கிடப்பார். அவர்களுடைய உண்மையான வருத்தம் அதுதான். ஆப் என்ற சொல்லுக்குள் அந்த வருத்தம் ஒளிந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவில்லை. நகரத்தில் டாக்சி சவாரி என்றால் ஓரிடத்தில் ஏற்றி இன்னோர் இடத்தில் இறக்குவது. இங்கே ஏற்றிய பார்ட்டியோடு தனுஷ்கோடி, கோதண்டராமர் கோயில், ராமர் பாதம், பேக்கரும்பில் கலாம் நினைவிடம் என்று அரை நாள் சுற்ற வேண்டும். அல்லது திருப்புல்லாணி, சேதுக்கரை, தேவிபட்டினம் நவபாஷாணம் போய்த் திரும்ப வேண்டும். அல்லது மதுரைக்கு ஒரே டிராப், கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர், திரும்பி வருவது காலி வண்டி. ரயிலடியிலிருந்து லாட்ஜுக்குப் போகும் சின்னச் சவாரி மட்டும்தான் நகரத்துச் செயலிகளின் அச்சில் பொருந்தும். நாங்களோ அந்தச் சின்னச் சவாரியை மனதில் வைத்து முழுச் செயலியையும் வரைந்தோம்.

ஒன்பது நாளில் நிறுத்திய பதிப்பு

2025 பிப்ரவரியில் முதல் பதிப்பை ஓடவிட்டோம். பயணி செயலி ஒன்று, ஓட்டுநர் செயலி ஒன்று, இரண்டும் ஃப்ளட்டர் என்ற செயலி எழுதும் கருவியில். பின்னால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், இடக் கணக்குக்கு போஸ்ட்ஜிஐஎஸ். ஓட்டுநரின் போன் சில நொடிக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தை அனுப்பும். சவாரி வந்தால் மிக அருகில் இருக்கும் வண்டிக்கு மணி அடிக்கும். பாடப் புத்தகத்தில் இருப்பது போன்ற அமைப்பு.

இரண்டாம் நாளே ஸ்டாண்டு காலியானது. எல்லோரும் மேற்குக் கோபுரத்துப் பக்கமும் லாட்ஜ் வாசல்களிலும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஐம்பது மீட்டர் முன்னால் நின்றால் சவாரி தனக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காலை 5 மணி ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு ஆள் ஏற்றிவந்த நேரத்தில் சந்நிதித் தெருவில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. போலி இருப்பிடம் காட்டும் செயலியை யாரோ ஏற்றியதாகப் பேச்சு வந்தது. இருபது வருடமாக ஒன்றாக டீ குடித்தவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் மூத்தவர் வந்தார். கோபப்படவில்லை. "தம்பி, நோட்டுல சண்ட வந்ததில்ல" என்றார். அன்று மாலையே நிறுத்தினோம்.

நோட்டைப் படித்தது

அப்புறம்தான் அந்த நோட்டை உட்கார்ந்து படித்தோம். பழைய நோட்டுகளையும் தேடித் தந்தார்கள். பெயருக்கு எதிரே சுழி, கோடு, பெருக்கல் குறி என்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று கேட்கக் கேட்க, முழுமையான ஒரு விதித்தொகுப்பே வெளியே வந்தது.

மேலே இருப்பவருக்குச் சவாரி. அவர் வேண்டாம் என்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சுழி. இரண்டாம் சுழி விழுந்தால் அடிக்குப் போவார். ரயிலடிக்கோ பேருந்து நிலையத்துக்கோ கிட்டச் சவாரி போனவர் பெயருக்குப் பெருக்கல் குறி; அரை மணிக்குள் திரும்பினால் பழைய இடம் அவருக்கே. சின்னக் காசுக்குப் போனவர் முழு முறையையும் இழக்கக் கூடாது என்பதற்காக. தனுஷ்கோடிச் சுற்று, மதுரை டிராப் போன்றவற்றுக்குப் போனவர் வந்ததும் அடியில் எழுதுவார். சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் போனவர் பெயருக்குக் கோடு. கோடு இருக்கும்வரை முறை நிற்கும், போகாது. பார்ட்டி பெயர் சொல்லித் தனக்குப் பழகிய ஓட்டுநரைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அவருக்கு அது முறைச் சவாரியாகக் கணக்காகும். ஏழு சீட்டு வண்டி கேட்டால் வரிசையில் முதல் ஏழு சீட்டு வண்டி. அதனால் மேலே நிற்கும் நாலு சீட்டுக்காரர் இடம் மாறாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கிட்டச் சவாரி விதி. சின்னச் சவாரியை ஓட்டுநர்கள் தட்டிக் கழிப்பது பெரிய நகரங்களின் தீராத புகார். இந்த ஸ்டாண்டு அதை ஒரு பெருக்கல் குறியால் தீர்த்து வைத்திருந்தது.

இரண்டாம் பதிப்பில் தூரத்தைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்கும் நிரலை முழுக்க எடுத்துவிட்டோம். வரிசையில் தலைப்பில் இருப்பவருக்கு மட்டும் மணி அடிக்கும், 40 நொடி. எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு. போன் அடித்தும் எடுக்காததையும் வேண்டாம் என்று அமுக்கியதையும் வேறுவேறாகக் குறித்தோம். முன்னதற்குச் சுழி கிடையாது என்பது கூட்டத்தில் வந்த முடிவு. ஒரே நேரத்தில் இரண்டு சவாரி வந்தாலும் தரவுத்தளத்தில் அந்த வரிசையைப் பூட்டிவிட்டுத்தான் அடுத்த பெயரை எடுக்கும். ஆகவே ஒருவருக்கே இரண்டு விழாது. முழு வரிசையும் எல்லா ஓட்டுநர் போனிலும் அப்படியே தெரியும். எழுத்தைப் பெரிதாக்கி, சுழியையும் கோட்டையும் பெருக்கல் குறியையும் அதே வடிவில் வைத்தோம்.

இதனால் எதிர்பாராத ஒரு நன்மை கிடைத்தது. அருகில் இருப்பவரைத் தேடும் செயலிக்கு எல்லா வண்டியின் இருப்பிடமும் எந்நேரமும் வேண்டும். பேட்டரி தீரும், மலிவான போன்களில் பின்னணியில் ஓடும் செயலியைப் போனே அணைத்துவிடும், பின்னணி இருப்பிட அனுமதிக்கு கூகுள் பிளேயில் தனியாக விளக்கமும் காணொளியும் கொடுக்க வேண்டும். முறை வரிசைக்கு இவை எதுவும் தேவையில்லை. ஸ்டாண்டுக்கு வந்ததும் ஓட்டுநர் ‘வந்துட்டேன்’ பொத்தானை அமுக்குவார். அந்த நொடியில் மட்டும் இடத்தைச் சரிபார்ப்போம். சவாரி ஓடும்போது மட்டும், திரையில் அறிவிப்பு தெரியும்படி தொடர்ந்து பதிவோம். யாராவது வீட்டிலிருந்து போலியாக அமுக்கினால்? வரிசையில் பெயர் இருந்து வண்டி மரத்தடியில் இல்லையென்றால் பக்கத்து வண்டிக்காரரே சொல்லிவிடுவார். இதுவரை அதற்குத் தனி நிரல் எழுதத் தேவைப்படவில்லை.

கையில் போன் இல்லாத பயணி

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்ய உத்தரவிட்டது. அது எங்கள் திட்டத்தின் நடுவே வந்து நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ராமநாதசுவாமி கோயிலுக்கு வரும் குடும்பம் போனை லாட்ஜ் அறையிலேயே பூட்டிவிட்டு வருகிறது. கடலில் மூழ்கி, 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈர உடையை மாற்றி, தரிசனம் முடித்து வெளியே வரும்போது கையில் காசும் பிரசாதமும் மட்டும்தான். திரும்பிப் போக வண்டி அழைப்பது எப்படி? ஓட்டுநர் அவர்களுக்கு போன் செய்தால் அறையில் மணி அடிக்கும். முதல் பதிப்பில், பதில் இல்லை என்று செயலி தானாகவே சவாரியை ரத்து செய்திருக்கிறது. வயதான ஒரு தம்பதி கிழக்கு வாசலில் வெயிலில் நின்றதை ஓட்டுநர் ஒருவர் வந்து சொன்னார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது.

இப்போது ‘கோயில் காத்திருப்பு’ என்று ஒரு நிலை உண்டு. அதில் போன சவாரி எத்தனை மணி நேரமானாலும் தானாக ரத்தாகாது. இறங்கும்போது ஓட்டுநர் ஒரு சீட்டுக் கொடுப்பார்: வண்டி எண், நான்கு இலக்க டோக்கன், எந்தக் கோபுர வாசலில் நிற்பார் என்று. சீட்டு ஈரமானால் கிழிந்துவிடுகிறது என்று பிளாஸ்டிக் வில்லையாக மாற்றினார்கள்; அது ஓட்டுநர்களே செய்த ஏற்பாடு. வில்லையைக் காட்டினால் ஸ்டாண்டில் யார் இருந்தாலும் உரியவரை அழைத்துத் தருவார்கள்.

பயணி செயலியையே எடுத்துவிட்டது இன்னொரு முடிவு. காசியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருபவர்களில் பலர் வாழ்நாளில் ஒருமுறை வருகிறார்கள். அரை நாள் சுற்றுக்காக ஒரு செயலியைப் பதிவிறக்கம் செய்யச் சொல்வது நியாயமில்லை. லாட்ஜ் மேசையில் ஒட்டிய கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்தால் ஒரு வலைப்பக்கம் திறக்கும். தமிழ், இந்தி, தெலுங்கு, ஆங்கிலம். லாட்ஜ் ஊழியரே பயணிக்காகப் பதிந்தும் கொடுக்கலாம். லாட்ஜுக்குப் போகும் கமிஷன் காலங்காலமாக உள்ளது. அதை மறைக்காமல் ரசீதில் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்று ஓட்டுநர்கள் கேட்டார்கள். இரண்டு லாட்ஜுகள் அதற்காகவே விலகிக்கொண்டன. மற்றவை இருக்கின்றன.

இடங்களின் பெயருக்குத் தனி அட்டவணை வேண்டியிருந்தது. நாம் ராமர் பாதம் என்பதை நூலில் கந்தமாதன பர்வதம் என்பார்கள், வடக்கே இருந்து வருபவர் ராம்ஜரோக்கா என்று தேடுவார். அரிச்சல்முனை என்று தட்டுபவரைவிட தனுஷ்கோடி கடைசி என்று கேட்பவர்தான் அதிகம். ஓட்டுநர்கள் காதில் விழுந்த பெயர்களையெல்லாம் குரல் பதிவாக அனுப்பினார்கள், எழுதிச் சேர்த்தோம்.

கடல் குறுக்கே வரும் வரைபடம்

1897-ல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய குந்துகால், தீவின் தென்மேற்கு முனையில் இருக்கிறது. அங்கே நிற்கும் பயணிக்கு நேர்கோட்டில் பார்த்தால் எதிர்க்கரையில் மண்டபத்தில் நிற்கும் வண்டிதான் கிட்டே. நடுவில் கடல். பாம்பனுக்கு வந்து பாலம் ஏறித்தான் சேர முடியும். முதல் பதிப்பு இந்தத் தவறைச் செய்தது. பிறகு யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவை எடுத்து எங்கள் சர்வரிலேயே ஓ.எஸ்.ஆர்.எம். என்ற வழி கணக்கிடும் மென்பொருளை நிறுவி, சாலைத் தூரத்தை மட்டும் கணக்கிட்டோம். தீவும் மாவட்டமும் மதுரை வரையிலான சாலையும் போதும் என்பதால் சிறிய சர்வரே தாங்குகிறது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி ரயில் பாலத்தைப் படம் எடுக்கும் கூட்டத்தால் வரும் தாமதத்தை எந்த வரைபடமும் சொல்லாது. விடுமுறை நாட்களுக்குப் பாலத்துக்கென்று கூடுதல் நிமிடத்தைக் கையால் சேர்த்திருக்கிறோம்.

தனுஷ்கோடிக்கு 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு பல்லாண்டுகள் ஒழுங்கான சாலை இல்லை; வேன்கள் மணலில்தான் போய்வந்தன. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு எல்லா வண்டியும் போகிறது. சிக்னல்தான் நம்பும்படி இல்லை. முனைக்குப் போனால் சில போன்கள் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சவாரியின் ஒவ்வொரு நிகழ்வும், ஏற்றியது, நிறுத்தியது, கிளம்பியது என எல்லாம், முதலில் போனிலேயே எழுதப்படும். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. சிக்னல் வந்ததும் மொத்தமாகப் போகும். ஒரே நிகழ்வு இரண்டு முறை போய்ச் சேர்ந்தாலும் சர்வர் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். வாடகை ஜி.பி.எஸ்.ஸை நம்பி இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் கிலோமீட்டர் மீட்டரைப் படம் எடுப்பார்கள். பார்ட்டியும் பார்ப்பார், சண்டைக்கு இடமில்லை. முனையில் இருட்டுவதற்குள் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், மாலையில் தனுஷ்கோடி கேட்டுப் பதிபவருக்கு அந்தப் பக்கத்திலேயே எச்சரிக்கை வரும்.

2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தது. 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி கொண்ட பாலம். ஊருக்குப் பெரிய நாள். எங்களுக்கு ஒரு பாடமும் கூட: ஏற்றும் இடம் மண்டபம் ஸ்டேஷன் என்று நிரலில் பல இடத்தில் எழுதி வைத்திருந்தோம். ஒரே நாளில் ராமேஸ்வரம் ஸ்டேஷன் மறுபடி உயிர்பெற்றது. ஏற்றும் இடம், அதன் முறை வரிசை, கட்டணம் எல்லாவற்றையும் நிரலிலிருந்து பிரித்து அட்டவணைக்குக் கொண்டுவர இரண்டு வாரம் ஆனது.

ஆக்டிங் டிரைவர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் விசைப்படகில் போகும் இளைஞர் சிலர் இந்த ஸ்டாண்டு வண்டிகளில் ஆக்டிங் டிரைவராக வருகிறார்கள். வண்டிக்கு ஒரு கணக்கு என்று வைத்திருந்தோம். உரிமையாளர் போனை அவர்களிடம் கொடுத்தனுப்பினார், பயணிக்கோ வேறு முகம் தெரிந்தது. இது பாதுகாப்புப் பிரச்சினை. வண்டி, உரிமையாளர், ஓட்டுநர் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து, இன்று இந்த வண்டியை ஓட்டுவது யார் என்று காலையில் குறிக்கும்படி செய்தோம். லைசென்ஸ் சரிபார்க்கப்படாதவர் பெயரை வரிசை ஏற்காது.

சட்டமும் மற்றக் காகிதங்களும்

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-வது பிரிவு, பயணியையும் ஓட்டுநரையும் இணைக்கும் மின்வழி இடைத்தரகருக்கு உரிமம் வேண்டும் என்கிறது. மத்திய அரசு 2020-ல் வழிகாட்டு நெறிகள் தந்தது. 2025 ஜூலையில் புதியவை வந்தன. நெரிசல் நேரக் கட்டணத்தின் உச்சவரம்பு அடிப்படைக் கட்டணத்தில் 1.5 மடங்கிலிருந்து 2 மடங்கானது. சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போக வேண்டும். எங்கள் ஓட்டுநர்கள் செயலிக்குச் சவாரிக் கமிஷன் எதுவும் கொடுப்பதில்லை. சங்கத்துக்கு மாதச் சந்தா மட்டும், பணம் பயணியிடமிருந்து நேராக ஓட்டுநருக்கு. நெரிசல் கட்டணம் வேண்டாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். அமாவாசைக்கு வேறு ரேட் என்றால் அதை முன்கூட்டியே அச்சடித்து மரத்தில் ஒட்ட வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 9(5) பிரிவையும் தொடக்கத்திலேயே ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். டாக்சிக் கட்டணத்தின் வரிப்பொறுப்பு செயலி நடத்துபவர் மேல் விழக்கூடிய பிரிவு அது. நாங்கள் அதைத் தாமதமாகத்தான் படித்தோம்.

ஓ.டி.பி. குறுஞ்செய்திக்கு டி.எல்.டி. என்ற, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் வணிகக் குறுஞ்செய்திப் பதிவில் தலைப்பும் வாசகமும் ஒப்புதல் பெற வேண்டும். காலண்டரில் முன்பே இடம் ஒதுக்குங்கள். கூகுள் பிளேயில் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்கினால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்திருக்க வேண்டும். 2024 டிசம்பர் வரை அது 20 பேர். எங்களுக்கு ஸ்டாண்டிலேயே ஆள் இருந்தார்கள்.

ரிட்டன் காலி

இதைத் திட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கீழக்கரைக்கு ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது, வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனை மதுரை விமான நிலையத்தில் விட்டுவர வண்டி பேசிக்கொண்டிருந்தார்கள். போக வர இரண்டு வாடகை. அந்த வீட்டுக்காரரை ஊர் வழக்கப்படி காக்கா (அண்ணன்) என்று குறிப்பிட்டு ஓட்டுநர் என்னிடம் சொன்னார்: "காக்காக்கிட்ட ரெட்ட வாடக வாங்கச் சங்கடமா இருக்கு தம்பி. ஆனா வரும்போது காலியா வந்தா டீசலுக்கு யார் குடுப்பா?" மதுரையில் காலியாக நிற்கும் வண்டிகளை அவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு ஒரு பலகை செய்தோம். டிராப் முடிந்ததும் ‘ரிட்டன் காலி’ என்று ஒரே அமுக்கு. எந்த ஊர், எத்தனை மணி வரை காத்திருப்பார், எத்தனை சீட்டு. ராமேஸ்வரம் வரப் பதிந்த பயணிக்கு அந்த வண்டி குறைந்த வாடகையில் முதலில் காட்டப்படும். இங்கே முறை வரிசை கிடையாது; வெளியூரில் முதலில் காலியானவருக்கு முதல் சவாரி. நிரலாக எழுதியது நான்கு நாள் வேலை. ஓட்டுநர்கள் எங்களைத் தேடி வந்து நன்றி சொன்னது இந்த ஒன்றுக்குத்தான்.

ஆடி அமாவாசை

2025 ஜூலை 24. இரண்டாம் பதிப்பின் முதல் பெரிய சோதனை. கடற்கரையில் கூடிய கூட்டத்தின் அழுத்தத்தில் அதிகாலை 4 மணிக்கே டேட்டா நகரவில்லை. மணி அடிக்க வேண்டிய அறிவிப்புகள் பத்து நிமிடம் கழித்து வந்தன. இதற்காகவே ‘நோட்டு நேரம்’ என்று ஒரு வழி வைத்திருந்தோம். அன்று வரிசையைப் பார்த்துக்கொள்ளும் முறைகாரர் அதை அமுக்கினால் செயலி வரிசையை அப்படியே உறையவைக்கும். அந்த நொடியின் பட்டியலை அவர் நோட்டில் எழுதிக்கொண்டு பழையபடி நடத்துவார். காலை 4:20 முதல் 11 மணி வரை நோட்டுதான் ஓடியது. சிக்னல் சீரானதும் பக்கத்தைப் பார்த்து வரிசையைத் திருப்பி ஏற்றினார்கள். ஒருவர் முறையும் தவறவில்லை. மதியம் மூத்தவர் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டு இன்னும் அந்த மரத்தில் தொங்குகிறது. தொண்டியிலிருந்தும் ஏர்வாடியிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்து எங்களுக்கும் இதையே போட்டுத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஏர்வாடியில் சந்தனக்கூடு நாட்களில் முறை வேறு மாதிரி நடக்குமாம். வரும் வெள்ளிக்கிழமை அவர்களுடைய நோட்டைப் பார்க்கப் போகிறேன்.